பைல் சேர்வர் உள்ளே, கட்டளை வெளியே இருந்து

கேள்வி:

ஆமர் வீதிப் பக்கம் எங்கள் மாமாவுக்கு ஒரு சிறிய அச்சகம் இருக்கிறது. கல்யாண அழைப்பிதழ், விசிட்டிங் கார்ட், பில் புத்தகம், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறார்கள். டிசைன்களை பென் டிரைவில் தூக்கிக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டு, பைத்தனில் ஃபிளாஸ்க் (வெப் சேர்வர் எழுத உதவும் கருவித்தொகுப்பு) வைத்து ஒரு பைல் சேர்வர் எழுதிக் கொடுத்தேன். அப்லோட், பெயர் மாற்றம், டிலீட், அவ்வளவுதான். போனிலிருந்தும் படம் ஏற்றலாம். திறக்கும்போது பிரவுசரே ஒரு பெட்டியில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அலுவலக வைஃபைக்குள் மட்டும்தான் வேலை செய்யும், முகவரி 192.168.1.20:5000. வெளியிலிருந்து யாரும் வர முடியாது. கம்பஸில் என்னோடு படிக்கும் ஒருவர் கோடிங்கைப் பார்த்துவிட்டு, இதில் சிஎஸ்ஆர்எஃப் ஓட்டை இருக்கிறது, அதாவது வேறு ஒரு தளம் நம் பிரவுசரைக் கொண்டே நம் சேர்வருக்குக் கட்டளை அனுப்பவைக்கலாம் என்கிறார். இன்டர்நெட்டிலேயே இல்லாத சேர்வருக்கு அது எப்படி வரும்? சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகாமல் தடுக்கும் அமைப்பு) போட்டால் சரி என்று வாசித்து அதையும் போட்டுவிட்டேன். முக்கியமான வெப் ஓட்டைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் பட்டியலிலிருந்தே இதை எடுத்துவிட்டார்கள் என்றும் வாசித்தேன். மாமா கேட்கிறார்: "எங்கட அச்சகத்தை யார் தேடி வந்து அழிக்கப் போறான்?"

கொழும்பு 13இலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் நண்பர் சொன்னது சரி. நீங்கள் போட்ட சேம்சைட் உங்கள் சேர்வரில் ஒரு வேலையும் செய்யவில்லை. திருத்துவது பெரிய பாடில்லை, ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் முடியும். ஆனால் எதைத் திருத்துகிறோம் என்று விளங்காமல் எங்கிருந்தோ நாலு வரியைக் கொப்பி பண்ணினால் அதுவும் சேம்சைட் போலத்தான் சும்மா இருக்கும். அதனால் முதலில் ஓட்டையைப் பார்ப்போம்.

"வெளியிலிருந்து யாரும் வர முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். வர முடியாதுதான். வரத் தேவையும் இல்லை. டிசைன் செய்பவருக்கு முன்னால் இருக்கும் பிரவுசர் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. அதே பிரவுசர்தான் நாள் முழுக்க ஊரில் உள்ள தளங்களையெல்லாம் திறக்கிறது. ஒரு டேப்பில் உங்கள் சேர்வர். பக்கத்து டேப்பில் "பாமினி எழுத்துரு இலவசம்", "கல்யாணக் கார்ட் பூ டிசைன் இலவசம்" என்று விளம்பரம் அடைத்துக் கிடக்கும் ஏதோ ஒரு தளம். அந்தத் தளத்தை நடத்துகிறவரால் உங்கள் சேர்வரை நேரடியாகத் தொட முடியாது. ஆனால் "இந்த முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்பு" என்று பிரவுசரிடம் சொல்ல முடியும், பிரவுசரும் அனுப்பும். ஒரு தளம் இன்னொரு தளத்தின் படத்தைக் காட்டலாம், இன்னொரு தளத்துக்குப் படிவம் அனுப்பலாம் என்பது இணையத்தின் ஆரம்பகாலச் சுபாவம். அதை இன்று நிறுத்தினால் பாதித் தளங்கள் உடைந்துவிடும்.

உங்கள் டிலீட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. இப்படிக் கையால் எழுதும் சேர்வர்களில் வழக்கமாக இருப்பது, ஒவ்வொரு பைலுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு லிங்க். அழுத்தினால் 192.168.1.20:5000 என்பதன் பின்னால் டிலீட், கேள்விக்குறி, பைல் பெயர் என்று ஒரு முகவரி திறக்கும், பைல் போய்விடும். அதாவது அந்த முகவரியை யார் எந்த வழியாகத் திறக்க வைத்தாலும் பைல் போகும். அந்த எழுத்துருத் தளம் திடீரென்று ஒரு பொப்-அப் டேப்பைத் திறந்து அதை அந்த முகவரிக்கு அனுப்பினால் போதும். டிசைனர் காலையில் ஒரு தடவை பாஸ்வேர்ட் கொடுத்திருப்பார். பிரவுசரை மூடும்வரை அது ஞாபகம் வைத்திருக்கும், அந்த முகவரிக்குப் போகும் எல்லாக் கோரிக்கையிலும் தானாகவே சேர்த்து அனுப்பும். அவர் பொப்-அப்பை எரிச்சலோடு மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

பிறகு நீங்கள் சேர்வரின் பதிவைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? டிசைனரின் கணினி முகவரி, டிசைனரின் பெயர், சரியான பாஸ்வேர்ட், கெட் (பக்கத்தைத் திறக்கும் சாதாரண வகை) கோரிக்கை, வெற்றி. எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதுகூடப் பெரும்பாலும் இருக்காது; பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து உங்களுடையது போன்ற சாதாரண எச்டிடிபி முகவரிக்கு வரும்போது பிரவுசர் அந்தத் தகவலை விட்டுவிடும். மாமா அந்த ஆளைக் கூப்பிட்டுத்தான் ஏசுவார். எனக்கு இந்த ஓட்டையில் மிகவும் பிடிக்காத பகுதி இதுதான்: குற்றம் சரியான ஆளின் பெயரிலேயே பதிவாகிறது. நடந்ததில் பொய் ஆள் யாருமில்லை, பாஸ்வேர்ட் களவு போகவுமில்லை. அவர் அதைச் செய்ய நினைக்கவில்லை என்பது மட்டும்தான் பொய். உங்கள் சேர்வர் "யார்?" என்று மட்டும் கேட்கிறது, "இது என்னுடைய பக்கத்திலிருந்து அழுத்தப்பட்டதா?" என்று கேட்பதே இல்லை.

கணினிக்காரர்கள் இதைக் குழம்பிப்போன பிரதிநிதி என்பார்கள். நோர்ம் ஹார்டி 1988இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர். முதலாளியின் சீலைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பொடியன், வீதியில் யார் துண்டு நீட்டினாலும் அதில் சீல் குத்திக் கொண்டுவந்து கொடுத்தால் எப்படியிருக்கும்? உங்கள் பிரவுசர் அந்தப் பொடியன்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். அவர் நினைப்பது நியாயம்தான், ஆமர் வீதி அச்சகத்தை யாரும் பெயர் சொல்லித் தேடப் போவதில்லை. ஆனால் இந்தத் தாக்குதலுக்குப் பெயர் தேவையில்லை. சிறு அலுவலகங்களுக்கு வரும் ரவுட்டர்கள் 192.168.0, 192.168.1, 192.168.8 என்று சில வரிசைகளைத்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கின்றன. ஃபிளாஸ்க் என்றால் போர்ட் (முகவரியின் முடிவில் வரும் எண்) 5000, மற்றவை 8000 அல்லது 8080. ஒரு வரிசையில் இருக்கக்கூடிய 254 முகவரிகளையும் ஒரே பக்கம் சில நொடிகளில் தட்டிப் பார்க்கலாம். 2008 ஜனவரியில் மெக்சிகோவில் இது உண்மையாகவே நடந்தது. வாழ்த்து அட்டை வந்திருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல். உள்ளே படம் போலக் காட்டிய சில முகவரிகள் வீட்டு ரவுட்டரின் அமைப்பை மாற்றும் கட்டளைகள். அஞ்சலைத் திறந்தவரின் ரவுட்டர், அதன் பிறகு ஒரு வங்கியின் பெயரை அடித்தால் போலித் தளத்துக்குக் கொண்டுபோனது. அனுப்பியவனுக்கு அந்த வீடுகளில் ஒன்றைக்கூடத் தெரியாது.

உங்கள் பைல் பெயர் அவனுக்குத் தெரியாதே என்று கேட்கலாம். டிலீட்டுக்குத் தெரியவேண்டும்தான், உங்களிடம் "எல்லாவற்றையும் அழி" பட்டன் இல்லாத வரையில். அப்லோடுக்குப் பெயரே தேவையில்லை. அங்கேதான் விஷயம் மோசமாகிறது.

அப்லோடைப் போலியாகச் செய்ய முடியாது, பைலை ஆள்தானே தெரிவு செய்யவேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டிசைனரின் கணினியில் இருக்கும் பைலை ஒரு தளம் எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தத் தளம் தானே ஒரு பைலை ஜாவாஸ்கிரிப்டில், நினைவகத்துக்குள் செய்து, தான் விரும்பிய பெயரை வைத்து, படிவம் அனுப்புவது போலவே உங்கள் அப்லோட் முகவரிக்கு அனுப்பலாம். பிரவுசர் உங்களிடம் முன்கூட்டி அனுமதி கேட்காது, ஏனென்றால் அது சாதாரண படிவ வடிவம். பதிலை அந்தத் தளத்தால் வாசிக்க முடியாது; அது அவனுக்குக் கவலையும் இல்லை, பைல் போய்ச் சேர்ந்துவிட்டது. சிஓஆர்எஸ் (ஒரு தளம் இன்னொரு தளத்தின் பதிலை வாசிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி) இதைத் தடுக்கும் என்று நம்புகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அது பதிலை வாசிப்பதைத்தான் மறிக்கிறது, இந்த மாதிரிக் கோரிக்கை போவதை மறிப்பதில்லை.

போய்ச் சேர்ந்த பைல் ஒரு எச்டிஎம்எல் பைல் என்று வையுங்கள், பெயர் "புதிய விலைப்பட்டியல்". அச்சகத்தில் யாராவது அதை உங்கள் சேர்வரிலிருந்து அழுத்தித் திறந்தால் அது உங்கள் சேர்வரின் சொந்தப் பக்கமாகவே ஓடும். அதற்குப் பிறகு எந்தச் சிஎஸ்ஆர்எஃப் தடுப்பும் செல்லாது. எல்லாப் பைலையும் வாசிக்கும், அழிக்கும், வெளியே அனுப்பும். உள்ளே ஸ்கிரிப்ட் வைக்கக்கூடிய எஸ்விஜி படங்களும் இதே வேலையைச் செய்யும், அச்சகத்தில் அவை தினமும் வரும். வங்கித் தளத்துக்கும் பைல் சேர்வருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: வங்கி, ஊரார் கொடுத்த பைலைத் தன் சொந்த முகவரியில் திறந்து காட்டுவதில்லை. பைல் சேர்வரின் தொழிலே அது.

இன்னொன்று. ஒரே பெயரில் ஏற்றினால் பழையதை உங்கள் சேர்வர் கேட்காமல் மாற்றிவிடுகிறதா? அச்சகத்தில் "ஃபைனல்" என்று எத்தனை பைல் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அழிந்தால் உடனே தெரியவரும்; மாறினால் ஐந்நூறு பிரதி அடித்த பிறகுதான் தெரியவரும்.

இப்போது சேம்சைட். குரோம் 2016இல் கொண்டுவந்தது, 2020இல் எதுவும் குறிப்பிடாத குக்கிகளுக்கும் அதன் நடுத்தர அளவான லாக்ஸைத் தானாகவே போடத் தொடங்கியது. நல்ல சாமான்தான். ஆனால் அது குக்கியின் (தளம் பிரவுசரில் வைத்துவிடும் சிறு தகவல்) மேல் ஒட்டும் ஒரு குறிப்பு. உங்களிடம் குக்கி எங்கே இருக்கிறது? பிரவுசர் பெட்டியில் கேட்கும் பாஸ்வேர்ட் குக்கியாகப் போவதில்லை, ஓதரைசேஷன் என்ற ஹெடரில் (கோரிக்கையோடு சேர்ந்து போகும் தகவல் வரி) போகிறது. சேம்சைட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாஸ்வேர்டே இல்லாமல் "வைஃபைக்குள் இருந்தால் உள்ளே வா" என்று விட்டிருப்பவர்களுக்கும் இதே கதைதான். குக்கி வைத்து லொகின் பக்கம் செய்திருந்தாலும், லாக்ஸ் என்பது இன்னொரு தளத்திலிருந்து லிங்க் வழியாக முழுப் பக்கமாகத் திறக்கும் கெட் கோரிக்கைக்குக் குக்கியை விடும். உங்கள் சிவப்பு லிங்க் டிலீட் அப்போதும் வேலை செய்யும். இன்னுமொரு நுணுக்கம், இதைப் பலர் கவனிப்பதில்லை: சேம்சைட் கணக்கில் போர்ட் சேராது. அதே கணினியில் வேறு போர்ட்டில் வேறு ஏதாவது ஓடினால் அதுவும் உங்கள் தளத்தின் ஆள்தான்.

2025இன் கடைசியில் குரோம் இன்னொரு காவல் வைத்தது. பொது இணையத் தளம் ஒன்று உள்வலையமைப்பு முகவரியோடு பேச முயன்றால் ஆளிடம் அனுமதி கேட்கும். வரவேற்கிறேன். ஆனால் அது பக்கத்துக்குள் இருந்து போகும் படம், ஜாவாஸ்கிரிப்ட் கோரிக்கை போன்றவற்றை நினைத்துச் செய்தது, டேப்பையே உங்கள் முகவரிக்கு நகர்த்துவதை அல்ல. அச்சகத்தில் யாராவது பழைய பிரவுசர் பாவிப்பார்கள். கேள்வி வந்தாலும், வேலை அவசரத்தில் எதற்கும் "அனுமதி" என்றுதான் அழுத்துவார்கள். அதை நம்பி நீங்கள் சும்மா இருக்க முடியாது.

ஓவாஸ்ப் பட்டியல் பற்றி. 2013 பட்டியலில் எட்டாவதாக இருந்தது, 2017இல் இல்லை, உண்மைதான். அவர்கள் சொன்ன காரணம், ஜாங்கோ போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் தடுப்பைத் தாங்களே தருகின்றன, சோதித்தவற்றில் ஏறத்தாழ 5 சதவீதத்தில்தான் ஓட்டை கிடைத்தது என்பது. ஃபிளாஸ்க் தானாக எதையும் தருவதில்லை. கையால் எழுதிய சின்னச் சேர்வர்கள் அந்த 5 சதவீதத்தின் சொந்தக்காரர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: டீபக் மோடில் ஓடவிட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பதிலை வாசிப்பதை நிறுத்திவிட்டு அதை முதலில் அணையுங்கள். டீபக் மோடில் பிழைப்பக்கம் பைத்தனை ஓட்டும் ஒரு சாளரத்தையே தரும். அதற்கு முன்னால் சிஎஸ்ஆர்எஃப் ஒன்றுமே இல்லை. ஃபிளாஸ்க்கோடு வரும் சேர்வரையும் விட்டுவிட்டு, விண்டோஸ் என்றால் வெயிட்ரெஸ் போன்ற ஒன்றில் ஓட்டுங்கள்.

அடுத்து, கெட் கோரிக்கையால் எதுவும் மாறக் கூடாது. டிலீட், பெயர் மாற்றம், போல்டர் உண்டாக்குவது எல்லாம் போஸ்ட்டுக்கு (படிவம் அனுப்பும் கோரிக்கை வகை) போகட்டும். சிவப்பு லிங்க் ஒரு சின்னப் படிவமாகவும் பட்டனாகவும் மாறட்டும். இது தாக்குகிறவனுக்காக மட்டும் இல்லை. 2005இல் கூகுள் வெப் அக்சிலரேட்டர் என்று ஒரு கருவி விட்டது. பக்கத்தில் உள்ள லிங்குகளை முன்கூட்டியே திறந்து வைத்து வேகம் காட்டுவது அதன் வேலை. லிங்காக டிலீட் வைத்திருந்த தளங்களில் அது பாட்டுக்கு டிலீட்டையும் திறந்து ஆட்களின் தரவை அழித்துக்கொண்டு போனது. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒரு நிரல்.

போஸ்ட்டாக மாற்றினால் மட்டும் போதாது, போஸ்ட் படிவத்தையும் வேறு தளம் அனுப்பலாம் என்று மேலே பார்த்தோம். உண்மையான பூட்டு இதுதான்: ஃபிளாஸ்க்கில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னால் ஓடும்படி ஒரு ஃபங்ஷன் வைக்கலாம், பிஃபோர் ரிக்வெஸ்ட் என்று. அதில், கோரிக்கை போஸ்ட்டாக இருந்தால் ஒரிஜின் என்ற ஹெடரை எடுங்கள். எந்தத் தளத்தின் பக்கத்திலிருந்து இது புறப்பட்டது என்பதைப் பிரவுசர் அதில் எழுதும். பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டால் அதை மாற்ற முடியாது. அது உங்கள் சேர்வரின் முழு முகவரிக்கு, எச்டிடிபி தொடங்கி 5000 வரை, எழுத்துக்கு எழுத்து சமமாக இருந்தால் விடுங்கள். வேறு எதுவாக இருந்தாலும் 403, அதாவது "அனுமதி இல்லை" என்ற பதில். "நல்" (ஆங்கிலத்தில் null, வெறுமை) என்று வந்தாலும் 403. ஹெடரே இல்லாவிட்டாலும் 403. இரவில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஏதாவது போஸ்ட் செய்தால் அதற்குத் தனிச் சாவி கொடுங்கள், கதவை அதற்காகத் திறந்து வைக்காதீர்கள்.

இதில் இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, ஒரிஜினுக்குள் "192.168.1.20 இருக்கிறதா" என்று தேடுவது. அதே எண்களைத் தன் பெயரின் முன்பகுதியாக வைத்து ஒரு தளத்தை எவரும் பதிவு செய்யலாம். தேடாதீர்கள், சமமா என்று பாருங்கள். மற்றது, வந்த கோரிக்கையில் இருக்கும், எந்த முகவரியைத் தேடி வந்தது என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரை எடுத்து ஒரிஜினோடு ஒப்பிடுவது. பார்க்க அழகாக இருக்கும், முகவரியைக் கையால் எழுதத் தேவையில்லை. ஆனால் டிஎன்எஸ் ரீபைண்டிங் என்று ஒரு வித்தை இருக்கிறது: தாக்குகிறவன் தன் தளத்தின் பெயரை முதலில் தன் சேர்வருக்கும், பக்கம் திறந்த பிறகு உங்கள் 192.168.1.20க்கும் காட்டவைப்பான். அப்போது ஹோஸ்ட்டும் அவன் பெயர், ஒரிஜினும் அவன் பெயர், இரண்டும் அழகாகப் பொருந்தும். பாஸ்வேர்ட் இல்லாத சேர்வர் என்றால் அவன் பைல்களை வாசித்தே விடுவான். அதனால் முகவரியை அமைப்பில் ஒரு மாறிலியாக எழுதுங்கள். ஒரிஜினையும் அதோடு ஒப்பிடுங்கள், ஹோஸ்ட்டையும் அதோடு ஒப்பிடுங்கள். ஹோஸ்ட் சோதனை கெட் உட்பட எல்லாக் கோரிக்கைக்கும் வேண்டும்.

இதைத் தேடினால் செக்-ஃபெட்ச்-சைட் என்ற புதிய ஹெடரைப் பார்க்கச் சொல்லும் கட்டுரைகள் நிறைய வரும். 2025 ஓகஸ்ட்டில் வந்த கோ 1.25 மொழியில் அதை வைத்தே ஒரு தடுப்பு உள்ளேயே வருகிறது. நல்ல வழி, ஆனால் பிரவுசர் அந்த ஹெடரை எச்டிடிபிஎஸ் தளங்களுக்கும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கும்தான் அனுப்பும். உங்கள் சொந்தக் கணினியில் சோதித்தால் வடிவாக வேலை செய்யும். அச்சகத்தில் 192.168.1.20இல் போட்டால் ஹெடரே வராது. அதை மட்டும் எழுதிவிட்டு, "ஹெடர் இல்லையென்றால் விடு" என்றும் எழுதியிருந்தால், பூட்டுப் போட்டுத் திறப்பைக் கதவிலேயே விட்ட மாதிரிதான். உங்களுக்கு ஒரிஜின்தான் வழி.

டோக்கன் (சேர்வர் தன் படிவத்துக்குள் மறைத்து வைத்து, திரும்பி வரும்போது சரிபார்க்கும் இரகசியக் குறி) வேண்டாமா என்று உங்கள் நண்பர் கேட்பார். பிறகு ஒரு நாள் லொகின் பக்கம், செஷன் எல்லாம் வைத்துச் செய்தால் ஃபிளாஸ்க்-டபிள்யூடிஎஃப்பில் வரும் சிஎஸ்ஆர்எஃப் புரொடெக்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இந்தச் சேர்வருக்கு ஒரிஜின் சோதனை போதும் என்பது என் அபிப்பிராயம். டோக்கனையும் அரைகுறையாகச் செய்து, இதையும் அரைகுறையாகச் செய்வதைவிட இது ஒன்றை ஒழுங்காகச் செய்வது நல்லது.

பைல்களைக் கொடுக்கும் பக்கம் மூன்று சின்ன மாற்றம். எதையும் பிரவுசருக்குள் திறக்காமல் டவுன்லோட் ஆகக் கொடுங்கள். ஃபிளாஸ்க்கில் ஆஸ் அட்டாச்மென்ட் என்று ஒரு சொல் சேர்த்தால் சரி. பைலின் வகையைப் பிரவுசர் தானாக ஊகிக்காமல் தடுக்கும் நோஸ்னிஃப் ஹெடரைப் போடுங்கள். படங்களைப் பக்கத்திலேயே பார்க்கவேண்டும் என்று டிசைனர் அடம்பிடிப்பார், ஜேபெக்குக்கும் பிஎன்ஜிக்கும் மட்டும் விட்டுக்கொடுங்கள், எஸ்விஜிக்கு விடாதீர்கள். எப்படியிருந்தாலும் பைல் கொடுக்கும் பதில்களில் கன்டென்ட் செக்யூரிட்டி பொலிசியில் சேண்ட்பொக்ஸ் என்று போட்டுவைத்தால், தப்பித்தவறித் திறந்த பைலும் உங்கள் சேர்வரின் பெயரில் ஓட முடியாது.

பைல் பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஃபிளாஸ்க் பயிற்சிகளில் எல்லாம் செக்யூர் ஃபைல்நேம் என்ற ஃபங்ஷனைப் போடச் சொல்வார்கள். மேல் போல்டருக்கு ஏறிப்போகும் பெயர்களைத் தடுக்க அது தேவையும்கூட. ஆனால் அது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் ஒரு சில குறிகளையும் மட்டும்தான் மிச்சம் வைக்கும். "கல்யாணம்" என்று தமிழில் பெயர் வைத்த பிடிஎஃப் அதற்குள் போய் வெளியே வரும்போது வெறும் "பிடிஎஃப்" என்ற மூன்று ஆங்கில எழுத்துதான் பெயர். அடுத்து ஏற்றும் "பூப்புனித நீராட்டு விழா"வும் அதே பெயரில் வந்து முதலாவதன் மேல் உட்காரும். தாக்குதல் எதுவும் இல்லாமலே டிசைன் காணாமல் போகும். அதனால் உள்ளே சேமிக்க ஒவ்வொரு பைலுக்கும் எழுந்தமானமான ஓர் அடையாளத்தைக் கொடுத்து, தமிழ்ப் பெயரை ஒரு எஸ்கியூலைட் (சிறு தரவுத்தளம்) அட்டவணையில் வையுங்கள். பழையதன் மேல் எழுதும் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும். டிலீட் என்பதையும் உண்மையில் அழிக்காமல் ஒரு குப்பைப் போல்டருக்கு நகர்த்துவதாக மாற்றுங்கள், ஒரு மாதம் கிடக்கட்டும். சிஎஸ்ஆர்எஃப் இல்லாவிட்டாலும் இதற்காக மாமா உங்களை ஒரு நாள் வாழ்த்துவார்.

"நானே எழுதாமல் ஏதாவது ஆயத்தமானதைப் போடட்டுமா" என்று யோசித்தால், பழைய எச்எஃப்எஸ் பதிப்பு 2 பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒரே பைல், விண்டோஸில் இழுத்துப் போட்டால் ஓடும் என்பதால் சிறு அலுவலகங்களுக்குப் பிடித்த சாமான் அது. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை 2014இலும் வந்தது, 2024இலும் வந்தது. பைத்தனோடு வரும் எச்டிடிபி சேர்வர் பைலைக் காட்டுவதோடு சரி, அப்லோடும் டிலீட்டும் இல்லாததால் இந்த ஓட்டையும் இல்லை, உங்கள் தேவையும் தீராது. போன் பக்கம் இல்லாமல் விண்டோஸ் கணினிகள் மட்டும் என்றிருந்தால் சாதாரண போல்டர் ஷேர் போதும், வெப் சேர்வரே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

சோதிக்கும் விதம். வேறு ஒரு கணினியில், அல்லது அதே கணினியில் 9000 போர்ட்டில், ஒரு எச்டிஎம்எல் பக்கம் வையுங்கள். அதில் ஒரு படிவம். அது போய்ச்சேரும் இடம் உங்கள் சேர்வரின் டிலீட் முகவரி. மறைத்த பெட்டியில் ஒரு சோதனைப் பைலின் அடையாளம். உங்கள் சேர்வரில் லொகின் செய்த அதே பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்துங்கள். திருத்துவதற்கு முன் ஒரு தடவை செய்யுங்கள், பைல் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் மாமாவுக்கும் விளங்கும். திருத்திய பிறகு படிவத்தையும் போஸ்ட்டாக வைத்து அழுத்தினால் 403 வரவேண்டும். பக்கத்தைச் சேர்வரில் வைக்காமல் டெஸ்க்டொப்பிலிருந்து இரட்டைக் கிளிக்கில் திறந்தால் ஒரிஜின் "நல்" என்று வரும். அதையும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் சேர்வரில் மட்டும் செய்யுங்கள், கம்பஸ் சேர்வரில் வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் விளையாட்டுக்குச் செய்தேன் என்பதைக் கேட்டுக்கொண்டிருக்காது. விசிட்டிங் கார்டுக்கும் ஐடி பிரதிக்கும் ஆட்கள் கொடுத்த பெயர், தொலைபேசி எண் எல்லாம் அந்த போல்டர்களில் கிடக்கும் என்பதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மாமா ஒரு தடவை கேள்விப்பட்டிருப்பது நல்லது.

கடைசியாக, முகவரியை மாறிலியாக எழுதச் சொன்னேன் அல்லவா, அதனால் ரவுட்டருக்குள் போய் அந்தக் கணினிக்கு 192.168.1.20ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த அன்றைக்கு ரவுட்டர் 192.168.1.23 என்று கொடுக்கும், திறந்தாலே 403 வரும், நீங்கள் பரீட்சை மண்டபத்தில் இருக்கும்போது அச்சகத்திலிருந்து போன் வரும், கேட்கும் முதல் விஷயம் "அந்தச் செக்கை எடுத்துவிட முடியாதா" என்பதாகத்தான் இருக்கும்.